வால் கிழிந்த கரிமீனும் சேட்டின் பட்டினியும்

வாரத்துக்கு நாலு பேராவது எனக்குப் படம் அனுப்புகிறீர்கள். படத்தில் ஒரு தொட்டி. தொட்டியின் மூலையில் செதில் உரிந்து ஒண்டிக் கிடக்கும் ஒரு புது மீன், நடுவில் செவுளை விரித்துக்கொண்டு ஒரு பழைய மீன். கீழே ஒரே கேள்வி: "சார், இவன் புதுசா விட்டதையெல்லாம் கடிக்கிறான், என்ன செய்யலாம்?" இந்தத் தொழிலுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்கும் உங்களுக்கு. சட்டைப் பையின் மேல் கடையின் பெயர் தைத்திருக்கிறது. விலை உயர்ந்த வடிகட்டியை விற்கத் தெரிகிறது. மீனைத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது என்ன என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்துதான் வைத்திருக்கிறீர்கள். பையோடு மிதக்கவிடு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடு, கல்லை இடம் மாற்று, பழைய மீனுக்கு முதலில் வயிறு நிறையப் போடு, விளக்கை அணை. உங்களைவிட நன்றாக நான் ஒப்பிப்பேன். அப்படி ஒப்பித்துக்கொண்டே ஒரு மனிதரைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியவன் நான். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். வடிகட்டியைப் பற்றி வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் பிற்பகுதி. தேவராக் கல்லூரியில் விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு, அந்தப் பட்டத்துக்கு ஏற்ற வேலைக்காக மூன்று வருடம் காத்திருந்துவிட்டு, மட்டாஞ்சேரியில் ஒரு வண்ணமீன் கடையில் சேர்ந்தேன். அந்த வட்டாரத்தில் எங்களுக்குப் போட்டியே கிடையாது. அதனால் திறமையும் தேவைப்படவில்லை. வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் தொட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. பெரிய வாடிக்கை வெலிங்டன் தீவில் ஒரு ஓட்டல். அங்கே தினமும் காலை முதல் படகில் போவேன். முந்தின நாள் விட்ட மீன் கடிபட்டு மிதந்தால், விருந்தாளிகள் சாயா குடிக்க இறங்குமுன் அதே நிறத்தில் வேறொன்றைப் போட்டுவிடுவேன். மேனேஜருக்கு எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். "உங்க கையில மீனே சாகறதில்லையே" என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். நானும் அதை மறுத்ததில்லை. நாளடைவில் நம்பவும் தொடங்கிவிட்டேன்.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் சின்ன சேட் என்னைத் தேடி வந்தார்.

மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் குஜராத்திக் குடும்பம். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருப்பவர்கள். பெரிய சேட்டுக்கு எழுபதைத் தாண்டிய வயது, சர்க்கரை வியாதி. அவர் சமண மதத்தவர். ஒவ்வொரு நாளும் கோயிலுக்குப் போய்வந்து, சாகப்போகிற உயிர் ஒன்றை விலை கொடுத்து மீட்ட பிறகுதான் வாயில் எதையும் போடுவார். மட்டாஞ்சேரியில் சாகப்போகிற உயிருக்குப் பஞ்சமில்லை. த்ரேஸ்யா என்கிற மீன்காரச் சேச்சி ஒரு அலுமினியப் பானையில் உயிருள்ள கரிமீன் ஒன்றைத் தண்ணீரோடு கொண்டுவந்து கிடங்கின் வாசலில் தினமும் நிற்பாள். சேட் அதை வாங்கி, கிடங்குக்குப் பின்னால் இருக்கும் படகுத்துறையில் தன் கையாலேயே காயலின் உப்பங்கழித் தண்ணீரில் விடுவார்.

படகுத்துறையிலிருந்து கல்லெறி தூரத்தில் வலைக்காரர்கள் நின்றார்கள். மேலே விவரிக்க வேண்டியதில்லை. வால் ஒரு பக்கம் கிழிந்த, உள்ளங்கையைவிடப் பெரிய ஒரு கரிமீனை ஒரே மழைக்காலத்தில் சேட் மூன்று முறை மீட்டார். சுமைதூக்கும் ஆட்கள் அந்த மீனுக்குச் சலாம் வைக்க ஆரம்பித்தார்கள். சேட்டுக்கு இதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மகனுக்குத்தான் மானம் போயிற்று. கிடங்கை ஒட்டிய வீட்டின் உள்முற்றத்தில், ஒரு பக்கம் மட்டும் தடித்த கண்ணாடி வைத்து, ஆள் படுக்கும் நீளத்துக்குச் சிமெண்ட் தொட்டி கட்டினார். "இனிமே காப்பாத்தினது காப்பாத்தினதாவே இருக்கும் அப்பா" என்றாராம். வால் கிழிந்தவன்தான் அதில் முதலில் குடியேறினான்.

முதல் பத்து மீன்வரை எல்லாம் நன்றாகப் போனது. பிறகு காலையில் விட்டது மாலையில் செத்துக் கிடந்தது. தான் மீட்ட உயிர் தன் வீட்டிலேயே செத்தால், மறுநாள் முழுவதும் வெந்நீர் மட்டும் என்று சேட் விதித்துக்கொண்டார். மகன் என்னைக் கூப்பிட வந்தபோது சேட் ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி கிடந்துகொண்டிருந்தார். டாக்டர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார்.

"மூணு நாள் சேர்ந்தாப்புல இருந்தா நாலாவது நாள் எழுந்திருக்க மாட்டார்ன்னு டாக்டர் சொல்றார். அதுக்குள்ள இந்தச் சண்டையை நிறுத்துங்க" என்றார் சின்ன சேட்.

நான் போய்த் தொட்டியைப் பார்த்தேன். வால் கிழிந்தவன் கண்ணாடிக்கு வந்து என்னைப் பார்த்தான். உடனே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எதையும் பார்ப்பதற்கு முன்பே எல்லாம் புரிந்துவிடுவது பட்டதாரிகளுக்கே வாய்த்த ஒரு திறமை. பழைய மீனுக்கு இடம் பழகிவிட்டது, ஆகவே இடத்தைக் குலைக்க வேண்டும். கற்களை மாற்றினேன். பழைய கூரை ஓடுகள் ஏழெட்டைக் கொண்டுவந்து, புது மீன் ஒளிந்துகொள்ளும்படி அங்கங்கே சாய்த்து வைத்தேன். வரும் மீனைச் சில நாள் தனிக் குடத்தில் வைத்திருந்து, ஐந்தாறு சேர்ந்த பிறகு ஒன்றாக விடலாம் என்றேன். சேட் அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

"குடத்துல அடைச்சு வைக்கவா மோனே நான் வாங்கினது?" என்றார்.

நாலு நாள் ஒரு மீனும் சாகவில்லை. சேட் நாலு நாளும் சாப்பிட்டார். சின்ன சேட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஓட்டலில் போய் அதைச் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஒன்று செத்தது. ஆறாம் நாள் ஒன்று. ஏழாம் நாள் இரண்டு, அதில் ஒன்று ஆரம்பத்திலிருந்தே அந்தத் தொட்டியில் இருந்த பழைய மீன். வால் கிழிந்தவன் முன்பெல்லாம் புதிதாக வந்ததை மட்டும்தான் கடிப்பான். இப்போது கிட்டே வந்த எதையும் விடாமல் போய்க் கொன்றான். நிறமும் கறுத்திருந்தது. இவ்வளவும் என் கண்முன்னால் நடந்தது. அவன் ஏன் மாறினான் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஏஞ்சல் மீன் முட்டையிடுவதைப் பற்றி இருபது பக்கம் தேர்வில் எழுதியவன் நான். கரிமீனை வாழையிலையில் சுற்றி, மசாலா பூசி, தட்டில் வைத்தால்தான் எனக்கு அடையாளம் தெரியும். நாங்கள் தின்கிற மீனுக்குப் பழக்கவழக்கம் இருக்கும் என்று அந்த ஊரில் எந்தப் படித்தவனுக்கும் தோன்றியதில்லை.

சேட் மூன்றாவது நாளாக வெந்நீரில் இருந்தார். நான் அவரிடம் போய், வால் கிழிந்த அந்தப் பெரியவனை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"அவன்தான் முதல்ல வந்தது. அவனை வெளியில போட்டா அவன் யாருகிட்ட போவான்?" என்றார். குரலே எழும்பவில்லை. அதற்குமேல் பேச விடவில்லை.

வெளியே வந்ததும் சின்ன சேட் என் தோளைத் தொட்டார். "அப்பா காலையில கோயிலுக்குப் போற நேரத்துல எடுத்துடுங்க. திரும்பி வந்து கேட்டா நான் பார்த்துக்கறேன்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஓட்டலில் தினமும் இதைத்தானே செய்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை சேட்டைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்கு அழைத்துப்போனதும், வலையோடு தொட்டிக்குள் கையை விட்டேன். எல்லா மீனும் சிதறி ஓடின. வால் கிழிந்தவன் ஓடவில்லை. ஒரு ஓட்டின் முன்னால் நின்று வலையை முட்டினான். நான் வலையை விலக்கினால் அங்கேயே திரும்பி வந்தான். இடத்தைவிட்டு நகராத மீனைப் பிடிப்பது எளிது. அது எனக்கு வசதியாக இருந்தது. அவன் ஏன் நகரவில்லை என்று யோசிப்பது அவ்வளவு வசதியாக இல்லை. கொழுப்பு என்று முடிவு செய்துகொண்டேன்.

வாளியோடு வாசலுக்கு வந்தால், த்ரேஸ்யா சேச்சி பானையோடு நிற்கிறாள். வாளியை எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"எந்தா சாரே, இதை எங்கே கொண்டு போறது?"

"கடைக்கு. இவன்தான் எல்லாத்தையும் கொல்றது."

"கொல்லாம பின்னே? நெறம் கண்டில்லே? கறுத்திருக்கு. இது முட்டைக்குக் காவல் நிக்கிற தந்தையாக்கும். ஓட்டுக்கு அடியில நோக்கினீங்களா?"

"உன் வேலையைப் பாரு" என்றேன்.

"என் வேலை இதுதான் சாரே" என்றாள். "நீங்க படிச்ச புஸ்தகத்துல கரிமீன் இல்லையா?"

இங்கேதான் கொஞ்சம் நின்று பாருங்கள், நண்பர்களே. தொட்டி இருபது அடி தூரத்தில் இருந்தது. மீன் என் கையில், உயிரோடு இருந்தது. திரும்பிப் போய் ஓட்டை ஒருமுறை தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் சேட் வந்துவிடுவார் என்ற பயம் ஒரு பக்கம். ஒரு மீன்காரி சொல்லி நான் திரும்பிப் போவதா என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிது. நான் நடையைக் கட்டினேன்.

இரண்டு நாள் அமைதி. பெரியவன் எங்கே என்று சேட் கேட்டதற்கு, ஓட்டுக்கு அடியில் தூங்குகிறது என்று மகன் சொல்லியிருக்கிறார். சேட் இரண்டு நாளும் கொஞ்சம் கஞ்சி குடித்தார். மூன்றாம் நாள் காலை, நான் படகுக்குக் கிளம்பும் நேரத்தில், சின்ன சேட்டே கடைக்கு ஓடி வந்தார்.

போய்ப் பார்த்தேன். சேட் தொட்டியின் கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஓட்டின் ஓரமாகத் தூசி பறப்பதுபோல் குஞ்சுகள். அவற்றின் தாய் வெளிறிப்போய் அலைந்துகொண்டிருந்தது. அது இடது பக்கம் வந்த மீனைத் துரத்தினால் வலது பக்கத்திலிருந்து இரண்டு வந்து தின்றன. வலது பக்கம் திரும்பினால் இடது பக்கம். ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் வால் கிழிந்தவன் இருந்தான். புது மீன் ஒளிந்துகொள்ளட்டும் என்று நான் வைத்த ஓட்டைத்தான் அந்த ஜோடி வீடாக்கி முட்டையிட்டிருக்கிறது. சண்டையை நிறுத்த நான் செய்த வைத்தியம்தான் சண்டையைப் பெருக்கியது. அதற்கு அடுத்த வைத்தியம் குஞ்சுகளைத் தின்னக் கொடுத்தது. நான் தொட்டிக்குள் வலையை விட்டு மற்ற மீன்களைப் பிடிக்கப் பார்த்தேன். கலங்கலில் எல்லாம் இன்னும் மோசமானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தூசி மெலிந்து, இல்லாமல் போனது.

சின்ன சேட் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"செத்தது எத்தனைன்னு கேட்கப்போறார். உங்ககிட்டதான் கேட்பார். குஞ்சே இல்லை, முட்டை கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க."

"அவர் கண்ணால பார்த்தாரே."

"அது பாசின்னு சொல்லுங்க. நீங்க படிச்சவர், நீங்க சொன்னா நம்புவார்." தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுக்கு ஒரு நாள் பட்டினின்னு உட்கார்ந்துட்டார்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். இருநூறாவது இருக்கும். என் பட்டத்துக்கு யாராவது பயன் சொன்னது அதுதான் முதல் முறை. பாசி என்று சொல்லிவிட்டால் சேட் அன்று சாப்பிடுவார். மறுநாள் த்ரேஸ்யா வருவாள், சேட் இன்னொரு மீனை அந்தத் தொட்டிக்குள் விடுவார், நான் இன்னொரு வைத்தியத்தோடு வருவேன். உண்மையைச் சொன்னால் அவர் நாலு நாள் தாங்கமாட்டார். நான் முன்னால் போய் நின்றேன். எதைச் சொல்வது என்று அப்போதும் தீர்மானிக்கவில்லை.

"எத்தனை மோனே?" என்றார் சேட், தொட்டியைவிட்டுப் பார்வையை எடுக்காமல்.

"எத்தனைன்னு தெரியாது. ஆனா அந்தப் பாவம் உங்க தலையில வராது. பெரியவனை நான்தான் எடுத்தேன். நீங்க கோயிலுக்குப் போனப்போ."

பின்னால் சின்ன சேட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சேட் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

"ஆமா."

"எதுக்கு எடுத்தது?"

"கொல்றான்னு எடுத்தேன். அவன் குஞ்சுக்குக் காவல் நின்னிருக்கான். நீங்க தினமும் ஒரு மீனை அவன் வீட்டுக் கூரை வழியா உள்ளே போடறீங்க. அவன் வேற என்ன செய்வான்?"

சேட் இப்போதுதான் என்னைப் பார்த்தார். "இத்தனை நாளும் இதை ஏன் சொல்லல?"

"எனக்கே தெரியாது."

"இப்ப யார் சொன்னது?"

பொய் சொல்ல அதுவும் ஒரு நல்ல இடம்தான். "த்ரேஸ்யா சேச்சி" என்றேன்.

சேட் மறுபடி தொட்டிப் பக்கம் திரும்பினார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "தினமும் காலையில அவளைப் பார்க்கறேன். இந்த மீனுக்கு என்ன வேணும்னு நானும் ஒரு நாள் கேட்கல" என்றார். மருமகளைக் கூப்பிட்டு, பயறு வேகவைத்த தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்தப் பட்டினி உன்னுது. எத்தனை நாளுன்னு நீயே பார்த்துக்கோ."

நான் ஒரு நாள் இருந்தேன். மறுநாள் காலை கப்பைக்கிழங்கும் மத்தி மீன் கறியும் சாப்பிட்டேன். நான் மகான் ஆகிவிட்டதாக உங்களில் யாராவது நினைத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

வால் கிழிந்தவனைக் கடையிலிருந்து திரும்பக் கொண்டுவந்து, சேட் பார்த்துக்கொண்டிருக்க, அதே தொட்டியில் விட்டேன். தண்ணீர் கலந்தேன், மற்றவற்றுக்குத் தீனி போட்டேன், வெளிச்சத்தை மறைத்தேன். படித்த எதையும் செய்யாமல் விடவில்லை. அரை மணி நேரத்தில் அவன் மூலையில் ஒண்டிக் கிடந்தான். அவன் இல்லாத நாட்களில் இன்னொருவன் அந்த ஓட்டுக்கு உரிமைக்காரன் ஆகியிருந்தான். ஜோடியாக இருந்த பெட்டையே வந்து விலாவில் இடித்தது.

"இப்ப இவன்தான் புதுசு" என்றார் சேட்.

"ஆமா."

"அப்போ இனிமே இதுக்குள்ள யாரும் புதுசா வேண்டாம்."

அவ்வளவுதான். எத்தனை புத்தகம் படித்தும் எனக்கு வாய்க்காத ஒரு தீர்ப்பை அவர் தொட்டியைப் பார்த்தே சொல்லிவிட்டார். புது மீனை எப்படி விடுவது என்று மட்டுமே கேட்கிற நீங்கள், விடத்தான் வேண்டுமா என்று வாடிக்கையாளரிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்கமாட்டீர்கள். கேட்டால் மீன் விற்காது. நானும் அதனால்தான் கேட்கவில்லை.

வால் கிழிந்தவனைக் குடத்தில் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை ஓட்டலுக்குப் போகும் படகில் ஏறினேன். வலைகளெல்லாம் பின்தங்கிய பிறகு, நடுக்காயலில் குடத்தைச் சாய்த்தேன். அன்றிலிருந்து சேட் மீட்கும் மீனை அப்படிக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பாயிற்று. ஓட்டல் வேலை இருந்த வரைக்கும் தினமும் செய்தேன். படகில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். தொட்டியில் மிச்சம் இருந்த ஏழு மீனும் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தன. அவற்றுக்குள் சண்டை வந்தது, தீர்ந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை.

மழை ஓய்ந்து காயலில் உப்பு ஏறத் தொடங்கிய ஒரு காலையில், நான் குடத்தை வாங்கப் போனபோது த்ரேஸ்யா சேச்சி வாசலில் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பானையை என் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

"ஆளு வந்திருக்கு சாரே."

வால் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. காயங்கள் ஆறி, முன்பைவிடப் பெருத்திருந்தான். சின்ன சேட் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். சேட் உள்ளேயிருந்து வந்து, பானைக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரியாது என்று நினைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

"நல்லா இருக்கான்" என்றார். வழக்கம்போல வாங்கி, குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, சாப்பிட உள்ளே போனார்.